பாங்கு நேரத்துப் பொத்தான்

நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அலுவலகத்துப் பிள்ளைகள் என் வேலையைப் பிரித்துப் போட்டுத் தட்டித் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் ஷிஃபானா தொலைபேசியில் வந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, என் கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"சேர், ஆஸ்பத்திரிகளுக்குக் குடுத்த புரோகிராம் எல்லாத்துலயும் ஒரு கேள்வி வருது. ரிப்போட் பிரிண்ட் போன பிறகு, 'கடதாசியைக் கையில் எடுத்தது யார்?' எண்டு. பேர் அடிக்கும் வரைக்கும் மணியடிச்சிக்கிட்டே இரிக்கி. கஸ்டமர்மார் ஏசுறாங்க. அத எடுத்துரட்டா?"

"எடுக்க வேணாம்" என்றேன்.

"ஏன் சேர்?"

தொலைபேசியில் சொல்லக்கூடிய கதை அல்ல. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. அரிசி ஆலை, ஃபாமசி, தனியார் ஆஸ்பத்திரி என்று யார் கேட்டாலும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். அங்கே சேர்வதற்கு முன் நான் கொழும்பில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் பாதியும், நாட்டுச் சண்டையால் வீட்டுக்கு ஓடி வந்து மீதியைப் புத்தகத்திலும் படித்தவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் செய்ய முடியாது என்பது சேர்ந்த முதல் கிழமையே விளங்கிவிட்டது. விளங்க வைத்தவர் சிவஞானம் சேர்.

சேர் தமிழ் ஊரான காரைதீவு ஆள், நாங்கள் முஸ்லிம்கள். அலுவலகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அரைக்கை வெள்ளைச் சேட்டு, நெற்றியில் பாதி அழிந்த திருநீறு, மெதுவான பேச்சு. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போது நாங்கள் பயப்படுவோம். நோன்பு மாதத்தில் அவர் எங்கள் முன்னால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்ததில்லை. "குடிங்க சேர், எங்களுக்கு ஒண்டுமில்ல" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "தாகமில்ல தம்பி" என்பார். பங்குனி வெயிலில் மோட்டார் சைக்கிளில் சாகாமம் வரை போய் வந்தவருக்குத் தாகமில்லையாம்! அவரைத் திருத்த முடியாது.

அந்தக் காலத்தில் பாதி வேலை பிரிண்டரோடு மல்லுக்கட்டுவதுதான். இன்றைய பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். நாங்கள் பாவித்தவை ஊசி குத்தி எழுதும் பிரிண்டர்கள். காபன் வைத்து மூன்று பிரதி எடுக்க வேண்டிய இடங்களில் அவற்றை விட்டால் வேறு கதி இல்லை. எழுதும்போது கீச்கீச்சென்று ஊரைக் கூட்டும். எழுதாமல் இருக்கும்போதுதான் பெரிய ஆபத்து. கடதாசி முடிந்திருக்கும், மூடி திறந்திருக்கும், வயர் கழன்றிருக்கும், கரண்ட் இருக்காது, அல்லது முகப்பில் உள்ள 'ஒன்லைன்' பொத்தானை யாராவது அமத்தி அதைக் கேட்காத செவிடாக்கியிருப்பார்கள். புரோகிராம் அதையெல்லாம் பார்க்காமல் எழுத்தை அனுப்பிவிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். சேருக்கு அந்தச் சொல் பிடிக்காது.

ஒரு புரோகிராமை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் நாளில் அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். முதலாளி குடிக்கப் பிளேன்டி கொண்டுவரச் சொல்வார். சேர் தொடமாட்டார். பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அடிங்க தம்பி" என்பார். நான் அடிப்பேன். அவர் கடதாசியை உருவுவார். திரையில் "கடதாசி இல்லை, போடவும்" என்று வர வேண்டும். பிறகு மூடியைத் திறப்பார். அடுத்து பொத்தானை அமத்துவார். பின்னால் போய் வயரைக் கழற்றுவார். கடைசியில் கரண்டைப் பிடுங்குவார். ஒவ்வொன்றுக்கும் புரோகிராம் வெவ்வேறாகச் சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். வெறுமனே "பிழை" என்று வந்தால் அன்றைக்குப் பிளேன்டி ஆறிப் போகும்.

திரையில் தமிழ் எழுத்து வராத காலத்தில்கூட ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வைத்தார். "கடைப் பொடியன் விளங்கித்தான் கடதாசி போடணும். எஞ்சினியர் வந்து போடமாட்டான்" என்பார்.

ஒரு சாதிப் பிரிண்டர் இருந்தது. கரண்டைப் பிடுங்கினாலும் வயர் வழியாகக் கேட்டால் "ஆயத்தம்" என்று பதில் தரும். திருக்கோவில் ஃபாமசி ஒன்றில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. சேர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் மையத்தாக் கிடந்துகொண்டும் ஓம் எண்டு சொல்றான். இவனட்ட கேட்டு வேலையில்ல. ஒரு எழுத்த அனுப்பிப் பாருங்க. வாங்கினா பதில் அனுப்புவான். அனுப்பாட்டி ஆள் இல்ல." அப்படித்தான் செய்தோம். கேட்பது ஒன்று, கிடைத்ததா என்று பார்ப்பது வேறொன்று என்பதை அன்றைக்குப் படித்தேன். பிணத்துக்கு நாங்கள் சொல்லும் மையத்து என்ற சொல்லை அவர் எங்கே பிடித்தார் என்று கேட்டுச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

சண்டை முடிந்து சில வருடங்களில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் செய்தோம். ஊரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கரையில்தான். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். நல்ல மனுசன், ஏழைகளிடம் கறாராகப் பணம் கேட்டதில்லை. மேல் மாடியில் இரத்தம் சோதிக்கும் லெப், கீழே நோயாளிகள் படுக்கும் வாட். முன்பெல்லாம் லெப்பில் இருந்து ஒரு ஆள் ரிப்போட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கி வருவார். எங்கள் புரோகிராம் வந்த பிறகு லெப்புக்காரர் மேலே பொத்தானைத் தட்டினால் கீழே தாதி மேசைக்குப் பக்கத்தில் உள்ள பிரிண்டரில் ரிப்போட் வந்து விழும். எல்லோருக்கும் பெரிய சந்தோசம். படி ஏறி இறங்கும் வேலை நின்றது.

அங்கே ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. எங்கள் ஊர்களில் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் வீட்டில் டீவி, கடையில் ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்துவோம். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். அந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்த காணி பள்ளிவாசல். பாங்கு நேரத்தில் பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் வாட்டில் உள்ள நோயாளிகளே முகம் சுளிப்பார்கள். அதனால் தாதிமார் ஒன்லைன் பொத்தானை அமத்திவிடுவார்கள். பாங்கு முடிந்ததும் திரும்ப அமத்துவார்கள்.

சேர் எழுத வைத்த புரோகிராம் சும்மா இருக்குமா? பொத்தானில் உள்ள விளக்கு அணைந்ததும் மேலே லெப் திரையில் சிவப்புக் கட்டம் வரும், மணியடிக்கும். "கீழே பிரிண்டர் நிறுத்தப்பட்டுள்ளது. வாட்டுக்கு அறிவிக்கவும்." லெப்புக்காரருக்கும் ஒவ்வொரு பாங்குக்கும் இதே தலையிடி.

ஹாஜியார் சேரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பாங்கு சொல்லக்குள்ள இது மணியடிக்கிது. கேக்கிற ஆக்களுக்கு ஒரு மாதிரியா இரிக்கி. அந்த மெசேஜ எடுத்துருங்க சேர்."

இதே வேண்டுகோளை ஒரு அரிசி ஆலைக்காரர் வைத்திருந்தால் சேர் மிக மெதுவான குரலில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். அவருடைய ஊர்க் கோயிலில் பூசை மணிக்காகக் கேட்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஆனால் கேட்டது பாங்குக்காக. கேட்டவர் ஹாஜியார். பதில் சொல்ல வேண்டியவர் காரைதீவு ஆள். சேர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் அந்தக் கிழமை அக்கரைப்பற்றில் வேறு வேலையில் இருந்தேன். அவரே உட்கார்ந்து மாற்றிவிட்டார். பொத்தானால் நிறுத்தப்பட்டிருந்தால் மட்டும் மெசேஜ் வேண்டாம். ரிப்போட்டை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப முயன்று, பொத்தான் விளக்கு எரிந்ததும் அச்சடிக்க வேண்டும். லெப் திரையில் "அனுப்பப்பட்டது" என்று இருக்கும். மோசமான யோசனை என்று சொல்ல முடியாது. பொத்தானைத் திரும்ப அமத்த ஒரு ஆள் மறக்காத வரை அது வேலை செய்யும்.

மாரி மழை விட்டு டெங்கு பரவிய காலம். பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் பிள்ளை வாட்டில் இருந்தாள். பெயரை எழுத மாட்டேன், அவளுடைய வாப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். பின்நேரம் இரத்தம் எடுத்து மேலே அனுப்பினார்கள். ரிப்போட் வந்ததும் தனக்குச் சொல்ல வேண்டும், இரத்தத் தட்டு எண்ணிக்கை இறங்கியிருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னது. வாட்டில் இருந்த தாதி நஸ்ரின் பொத்தானை அமத்தினாள். பாங்கு முடிவதற்குள் வாசலில் ஒரு ஓட்டோ கவிழ்ந்த கேஸ் வந்தது. இரத்தமும் கூக்குரலுமாக இரண்டு பேர். நஸ்ரின் ஓடினாள். அந்த ஓட்டத்தில் பொத்தான் அவள் நினைவில் இருந்து போய்விட்டது.

மேலே லெப்புக்காரர் ரிப்போட்டை அனுப்பினார். திரை "அனுப்பப்பட்டது" என்றது. எண்ணிக்கை அதலபாதாளத்தில் இருப்பதை அவரும் பார்த்தார். கீழே கண்டிருப்பார்கள், வண்டி போயிருக்கும் என்று நினைத்தார். கீழே இருந்தவர்கள் லெப் இன்னும் சோதித்து முடிக்கவில்லை என்று நினைத்தார்கள். பிள்ளையின் உம்மா இரண்டு முறை வந்து கேட்டிருக்கிறார். "இன்னும் வரல்ல ராத்தா, வந்ததும் சொல்றன்" என்று நஸ்ரினும் பொய்யில்லாமல்தான் சொன்னாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு தொடங்கியது. நஸ்ரின் வழக்கம்போலப் பிரிண்டரை நிறுத்தக் கையை நீட்டினாள். விளக்கு ஏற்கெனவே அணைந்திருந்தது.

நஸ்ரின் பிறகு எங்களிடம் அழுது அழுது சொன்னது இது. அவள் பொத்தானை அமத்தியதும் பிரிண்டர், பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கீச்சிட்டு அந்த ரிப்போட்டை எழுதத் தொடங்கியது. முழு வாட்டும் திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. கடதாசி முழுதாக வரும் வரை காத்திருக்காமல் வரிவரியாக வாசித்துக்கொண்டு நின்றாளாம்.

வண்டியில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை பிள்ளை மௌத்தாகிவிட்டாள். நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பாளா என்று டொக்டரைக் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல் எல்லோருடைய தலையிலும் கல்லாகக் கிடந்தது.

நானும் சேரும் போய் இயந்திரத்தைப் பார்த்தோம். நஸ்ரின் அப்போதுதான் எங்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத பிள்ளை. "நாளைக்கு ஹாஜியார் கூப்பிட்டிரிக்காரு சேர். நான்தான் எண்டு சொல்லப்போறன்" என்றாள். சேர் பிரிண்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஹாஜியாரின் அறையில் எல்லோரும் கூடினோம். பிள்ளையின் வாப்பா கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து கதிரையில் இருங்கள் என்றதற்கு வரவில்லை. லெப்புக்காரர், கம்பியூட்டர் அனுப்பியதாகக் காட்டியது என்று சொன்னார். அடுத்து நஸ்ரின் எழும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சேர் எழும்பிவிட்டார்.

"பிழை என்ட புரோகிராம்ல. ரிப்போட் போகல்ல, போனதாக் காட்டியிருக்கு. இவங்க ஆரும் பொறுப்பில்ல."

"என்ன பிழை சேர்?" என்று கேட்டவர் டொக்டர்.

"நான் எழுதினதுல உள்ள பிழை. அதுக்கு மேல விளங்கப்படுத்த ஒண்டுமில்ல."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். மெசேஜை எடுக்கச் சொன்னது யார் என்பது அவருக்குத் தெரியும். அவர் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவேயில்லை. அவரைப் பற்றி நல்ல மனுசன் என்று மேலே எழுதினேன். அதை வெட்டப்போவதில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

பிள்ளையின் வாப்பா மட்டும் கதவோரத்தில் இருந்து கேட்டார்: "அப்ப என்ட மகள கம்பியூட்டரா கொன்னது?"

"இல்ல, நான்" என்றார் சேர்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் சேர் நடந்ததச் சொல்லல்ல?"

"எதச் சொல்ற? பாங்குக்கு மிசின நிப்பாட்டினதால புள்ள செத்தது எண்டா? நாளைக்கு இந்த ரோட்டுல அது என்னவா மாறும் எண்டு உங்களுக்குத் தெரியாதா தம்பி? காரைதீவான் பாங்கக் குத்தம் சொல்லிட்டான் எண்டு உங்கட ஆக்கள் கதைப்பாங்க. எங்கட ஆக்கள் அத எடுத்து வேற ஒண்டு கதைப்பாங்க. ரெண்டும் எனக்கு வேணாம்."

"பாங்கு என்ன சேர் செஞ்சிச்சு? பொத்தான்தானே."

"அது உங்களுக்கு விளங்குது. ரோட்டுக்கு விளங்குமா?"

"அந்த மெசேஜ எடுக்க முந்தி என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே! உயிர் போற விசயம் எண்டா தொழுகையையே விட்டுப்போட்டு ஓடலாம். ஒரு மணிச் சத்தத்துக்கு ஆர் என்ன சொல்லப்போறாங்க? பள்ளி மௌலவியே வந்து பொத்தான அமத்த வேணாம் எண்டு சொல்லியிருப்பாரு."

சேர் போடப்போன ஹெல்மெட்டைத் திரும்பச் சீட்டில் வைத்தார். "உங்களட்ட அதக் கேக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு" என்றார். பிறகு, "இந்தக் கதை இதோட முடியட்டும். எனக்கு வாக்குத் தாங்க" என்றார். கொடுத்தேன்.

கதை முடியவில்லை, வேறு பக்கத்தால் வந்தது. தேத்தண்ணிக் கடையில் என் காதாலேயே கேட்டேன்: ஒரு தமிழன் செய்த புரோகிராமால் நம்மட பிள்ளை ஒன்று மௌத்து. சேர் எதற்குப் பயந்து வாயை மூடினாரோ அது அவரைத் தேடியே வந்தது. நான் அந்த ஆளின் சேட்டுக் கொலரைப் பிடிக்கப் போய்விட்டேன், கடைக்காரர்தான் விலக்கினார். ஹாஜியார் எங்கள் ஒப்பந்தத்தை நிறுத்தினார். இரண்டு ஃபாமசிகள் போயின. சேர் அலுவலகத்தை என்னிடமும் இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிட்டு வயல் பார்க்கப் போய்விட்டார். அதன் பிறகு அவர் ஒரு கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் காணவில்லை. போய்ப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் வருமா, வெள்ளாமை எப்படி என்றுதான் பேசுவார். ஒருமுறை மட்டும், பிள்ளையின் வாப்பா இப்போதும் தோணிக்குப் போகிறாரா என்று கேட்டார்.

"எடுத்தது யார்" என்ற கேள்வியை நான் அதற்குப் பிறகுதான் புரோகிராமில் வைத்தேன். பிரிண்டர் ஆயத்தமா, எழுதியதா என்பதோடு வேலை முடியாது. ஒரு மனுசர் அதைக் கையில் எடுத்தேன் என்று சொல்லும் வரை மேலே மணி அடிக்க வேண்டும். பாங்கு நேரத்திலும் அடிக்க வேண்டும். பள்ளி நிருவாகத்தில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

இந்த வருடம் சேர் போய்விட்டார். காரைதீவுச் சாவீட்டில் நான் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கேற்றடியில் ஒரு பெண் அபாயாவோடு நின்றாள். முகம் பெருத்திருந்தது, உடனே அடையாளம் தெரியவில்லை. நஸ்ரின். தாதி வேலையை அப்போதே விட்டுவிட்டாளாம். இப்போது இரண்டு பிள்ளைகள்.

"உள்ளுக்கு வாங்க மகள்" என்றேன்.

"இல்ல சேர். அவங்கட பொஞ்சாதிக்கு முன்னால போக முகமில்ல. எனக்காகத்தானே அண்டைக்குப் பொய் சொன்னாரு. அதாலதானே அவருக்கு இவ்வளவும் நடந்த."

"பொய்யா?"

"புரோகிராம்ல பிழை எண்டாரே. என்னக் காப்பாத்தச் சொன்னது எண்டு எனக்குத் தெரியாதா? பிழ என்ட விரல்ல தானே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மெசேஜ் பற்றி இவளுக்குத் தெரியாது. அது மேலே லெப் திரையில் வருவது, இவள் கீழே வாட்டில் இருந்தவள். அதை எடுத்துவிட்டதை இவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாங்கின் மரியாதையைப் பார்த்தோம், ஹாஜியாரின் மரியாதையைப் பார்த்தோம், இரண்டு ஊர்களின் சமாதானத்தைப் பார்த்தோம். இந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

என்னிடம் வாக்கு வாங்கியவர் உள்ளே கிடத்தப்பட்டிருந்தார். நான் கேற்றடியிலேயே நின்று அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பொத்தான நான் மறந்தாலும் மேல மணி அடிச்சிருக்குமா?"

"ஓம். அடிச்சிருக்கும்."

"அவங்க வந்து சொல்லியிருப்பாங்களா?"

"உடனே."

"அந்த மணிய நிப்பாட்டச் சொன்னது ஹாஜியாரு. நிப்பாட்டினது சிவஞானம் சேர்."

"ஓம் மகள்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவ்வளவு காலமும் நான் தனியத்தான் அந்தப் புள்ளயக் கொன்னன் எண்டு இருந்தன் சேர்" என்றாள்.